தோல் வாரின் அடிப்பக்கம்: பிசிறைப் படிய வைத்து வழவழப்பாக்க முழு வழிகாட்டி

கையால் செய்த பெல்ட்டையோ கடிகார வாரையோ யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். முதலில் மேல்பக்கத்தைப் பார்த்து "நல்லா இருக்கே" என்பார்கள், அடுத்த நொடி திருப்பிப் பார்ப்பார்கள், அப்புறம் கட்டைவிரலால் அடிப்பக்கத்தை ஒரு தடவு தடவுவார்கள். அங்கே பஞ்சு பிரிந்த தலையணை மாதிரி பிசிறு பிசிறாக இருந்தால் மேலே எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தாலும் மதிப்பு இறங்கிவிடும். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்பில் படுவதே அடிப்பக்கம்தான். பிசிறு வியர்வையை உறிஞ்சும், சாயத்தை வெள்ளைச் சட்டையில் தேய்க்கும், நாளாக ஆக உருண்டு அழுக்கு உருண்டையாகும்.

ஆரம்பத்தில் நான் எல்லாக் குறையையும் பிசிறைப் படிய வைக்கத் தடவும் பசையின் தலையில் போட்டேன். டப்பா டப்பாவாக வாங்கி மாற்றி மாற்றித் தடவினேன். பிசகு டப்பாவில் இல்லை, பதத்தில் இருந்தது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவருக்கு எந்தக் கடை வெல்லம் என்பதைவிட எந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இறக்குகிறோம் என்பதுதான் முக்கியம் இல்லையா, இதுவும் அதே கணக்குதான். தோல் அதிக ஈரமாக இருந்தாலும் ஆகாது, காய்ந்துவிட்டாலும் ஆகாது, நடுவில் சில நிமிடங்கள் இருக்கின்றன, அந்தச் சில நிமிடங்களைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் மீதி எல்லாம் கைவேலை.

முதலில் தோலைப் பார்ப்போம்

தோலின் முகப்பக்கத்தில் (கடைகளில் கிரெயின் என்பார்கள்) நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். கீழே போகப் போகத் தளர்ந்து, சதைப்பக்கத்தில் தனித்தனி இழையாக நிற்கும். நாம் செய்யப்போவது அந்த இழைகளை ஈரத்தில் இளக்கி, அழுத்திப் படுக்க வைத்து, படுத்த இடத்திலேயே பசையால் ஒட்ட வைப்பது, அவ்வளவுதான்.

இது பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சத்தில் பதனிட்ட தோலில்தான் நடக்கும். வெஜ் டேன் என்று கேட்டாலே கடைக்காரருக்குப் புரியும். நம் ஊரில் ஈ.ஐ. என்று சொல்லும் தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா முறையில் பதனிட்டது, இந்த வகைதான். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள், பிறகு வாட்டில் பட்டை வந்தது. குரோம் தோலில், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டதில், எவ்வளவு தேய்த்தாலும் இழை ஸ்பிரிங் மாதிரி மறுபடி எழுந்து நிற்கும். சென்னை பெரியமேட்டில் எடைக்குக் கிடைக்கும் துண்டுகளில் பெரும்பாலானவை ஷூ, ஜாக்கெட் தைத்த மிச்சம், குரோம்தான். விலை மலிவு என்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டு பிறகு இரவெல்லாம் தேய்க்காதீர்கள். நான் தேய்த்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தை வெட்டிக் குறுக்கே பாருங்கள். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம், பழுப்பாக இருந்தால் வெஜ் டேனாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்வரை சாயம் ஏற்றியிருந்தால் இது ஏமாற்றும், அப்போது சாயமில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெஜ் டேன் சீக்கிரம் குடித்துக் கருத்துவிடும். ஈரமான அந்த இடத்தில் நகத்தால் ஒரு கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கும். கோடு நிற்கிற தோலில் பிசிறும் படியும், இந்தச் சோதனை என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

அடுத்தது, உடலின் எந்தப் பகுதித் தோல் என்பது. முதுகுப் பக்கம் இறுக்கமானது, வார் என்றால் அங்கேதான் வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கம் தளர்ந்தது, இழுத்தால் நீளும், பிசிறு நூல் நூலாக வரும், மூன்று பூச்சுப் பூசினாலும் ஒரு மாதிரி பஞ்சுத்தன்மை போகாது. எருமைத் தோலின் நார் தடிமன், அதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். தடிமனைச் சில கடைகளில் அவுன்ஸில் சொல்வார்கள், 1 அவுன்ஸ் என்பது சுமார் 0.4 மி.மீ., ஆக ஒற்றைத் தோலில் பெல்ட் செய்ய 8 முதல் 10 அவுன்ஸ், அதாவது 3.2 முதல் 4 மி.மீ. வரை எடுத்துக்கொள்ளலாம்.

பசை, கண்ணாடி, இன்னும் சில

டிராககந்த் கோந்து பழைய வழி, இன்றும் நல்ல வழி. ஜப்பானிலிருந்து வரும் டோகோனோல் என்ற தயார்நிலைப் பசை இன்னும் சுலபம், நிறமற்றது, பழுப்பு, கறுப்பு என்று கிடைக்கிறது. மலிவாக வேண்டுமா, கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் சி.எம்.சி. (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) பவுடர் கேளுங்கள். 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் 1.5 கிராம், ஏறக்குறைய அரைத் தேக்கரண்டி. மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், ரவையைத் தூவுகிற மாதிரி தூவிக்கொண்டே கலக்குங்கள், இரவு முழுக்க ஊறினால் காலையில் தெளிந்த கூழாக இருக்கும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம், பாட்டிலில் பெயர் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை ஆளிவிதை ஜெல் என்று நினைத்துத் தலையில் தடவிக்கொண்டார்கள். முடி அன்று முழுக்க அசையவில்லை.

நாட்டு மருந்துக் கடையில் பாதாம் பிசினைக் காட்டி "இதுவும் அதேதான்" என்பார்கள். அதே இல்லை. அது ஊறினால் ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும், சீராகப் பரவாது, ஜிகர்தண்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புடவைக்குப் போடும் கஞ்சியையும் ஒருமுறை முயன்றேன். காய்ந்ததும் பிரமாதமாக மின்னியது. ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரம் பீரோவில் கிடந்த பெல்ட்டை எடுத்தால் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை. மாவுச்சத்து அதற்கு விருந்து. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசுவதும் வேண்டாம், பிளாஸ்டிக் தகடு மாதிரி மேலே படிந்து, பக்கிள் மடியும் இடத்தில் வெடித்துப் பாளம் பாளமாக உரியும்.

தேய்க்க வேண்டிய கருவிக்கு ஸ்லிக்கர் என்று பெயர். கண்ணாடிக் கடையில் 5 மி.மீ. தடிமனில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, நான்கு ஓரங்களையும் உருட்டி மழுக்கித் தரச் சொல்லுங்கள், போதும். விரலால் ஓரத்தைத் தடவும்போது எங்கேயும் கரகரப்பு தெரியக் கூடாது. அதுவரைக்கும் வழவழப்பான கண்ணாடிப் பாட்டிலின் பக்கவாட்டை வைத்து ஓட்டலாம், எழுத்து புடைத்த பாட்டில் மட்டும் ஆகாது.

இவற்றோடு 220, 400 எண் உப்புத்தாள், ஒரு கூர்மையான கத்தி, பஞ்சு, இரண்டு பருத்தித் துணி, ஒரு முகக்கவசம். இரும்புக் கம்பிப் பஞ்சு மட்டும் மேசைப் பக்கமே வர வேண்டாம். தோலைப் பதனிட்ட தாவரச் சத்தான டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கன்னங்கரேல் என்று புள்ளி விழும். கலம்காரியில் கறுப்புக் கோடு வருவதும் இப்படித்தான், கடுக்காயில் தோய்த்த துணியில் இரும்புத்துருக் கரைசலால் வரைவார்கள். அங்கே அது கலை, உங்கள் பெல்ட்டில் கறை. எலுமிச்சைச் சாறு லேசான கறையை மங்கச் செய்யும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வேலை வரிசை

வரிசை தப்பினால் எல்லாமே தப்பும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வாரை வெட்டுவது, பக்கிள் மடிப்பில் தோலைச் சீவி மெலிதாக்குவது, உப்புத்தாள், சாயம், ஒரு நாள் காய விடுவது, பிறகு அடிப்பக்கப் பசை, அதன்பின் ஓரம், கடைசியில் ஓட்டை. ஓட்டையை முதலில் போட்டுவிட்டால் பசை அதன் வழியாக இறங்கி முகப்பக்கத்தில் வட்டம் வட்டமாகக் கறை போடும். பசையை முதலில் பூசிவிட்டுச் சாயம் போட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். எண்ணெய் போடுவதானால் முகப்பக்கம் மட்டும், லேசாக, பசை வேலைக்கு ஒரு நாள் முன்பே. சதைப்பக்கத்தில் எண்ணெய் ஊறிவிட்டால் தண்ணீர்ப் பசை பிடிக்கவே பிடிக்காது.

முதல் வேலை, நீளமாகத் தொங்கும் நூல்களை நீக்குவது. கையால் பிடித்து இழுக்காதீர்கள், ஒன்றை இழுத்தால் பாதி வாருக்கு உரிந்துகொண்டு வரும். கத்தியைப் படுக்க வைத்து வேரோடு சீவுங்கள். பிறகு 220 தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி வாரின் நீளவாக்கில் தேயுங்கள். கையைத் தடவிப் பார்த்தால் ஒரு திசையில் பிசிறு படுக்கும், எதிர்த்திசையில் எழும், பூனை முதுகு மாதிரி. படுக்கிற திசையைக் கண்டுபிடித்து வாரின் முனையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள், இனி எல்லா வேலையும் அந்தத் திசையில்தான் முடிய வேண்டும். 400 தாளில் இன்னொரு தடவை. இங்கே பறக்கும் தூசி மிக நுண்மையானது, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, முடிந்தால் மொட்டை மாடியில் செய்யுங்கள். முடிந்ததும் ஒரு துணியால் நன்றாகத் தட்டித் துடைத்துவிடுங்கள், மிச்சத் தூசி பசையோடு சேர்ந்தால் சப்பாத்தி மாவு மாதிரி உருளும்.

முதுகுப் பக்கத்து நல்ல தோல் என்றால் உப்புத்தாளே தேவையில்லை என்பது என் எண்ணம். சிலர் சடங்கு மாதிரி எல்லாவற்றையும் தேய்க்கிறார்கள். இறுக்கமான நாரைத் தேய்த்தால் புதிதாகப் பிசிறுதான் கிளம்பும்.

அடுத்து மேசை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஈரமான வெஜ் டேன் தோல் அடியில் என்ன இருந்தாலும் அச்சு எடுத்துக்கொள்ளும். ஒருமுறை சமையலறை கிரானைட் மேடையில் பெல்ட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆசை தீரத் தேய்த்தேன், அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது, திருப்பிப் பார்த்தால் முகப்பக்கத்தின் நட்டநடுவில் ஒரு கடுகு. கடுகு கீழே விழுந்துவிட்டது, அதன் குழி இன்னும் இருக்கிறது. ஆகவே மேடையை ஈரத்துணியால் துடைத்து, கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, மேலே ஒரு வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் வாரைப் போடுங்கள்.

இப்போது பசை. ஒரே சமயத்தில் முழு நீளத்துக்கும் பூசாதீர்கள், ஒரு சாண், ஒன்றரைச் சாண் போதும். பஞ்சில் தண்ணீர் தொட்டுப் பிழிந்து அந்தப் பகுதியை லேசாக நனையுங்கள், தோல் ஒரு படி கருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அதன்மேல் பசையை விரலாலோ துணியாலோ மெல்லிசாகப் பரப்புங்கள். 38 மி.மீ. அகலமுள்ள சாதாரண பெல்ட் முழுவதுக்கும் ஒரு பூச்சுக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சிப் போனால் ஒன்றரை. நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரப்பி, ஓரத்துக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) முன்னால் நிறுத்துங்கள், தேய்க்கும்போது அது தானாகப் பரவும். முகப்பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் துடைக்காதீர்கள், ஈரத்துணியால் முகப்பக்கம் முழுவதையும் சீராகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீர்க்கோடு நிற்கும்.

சரி, இனிதான் பதம். பூசிய உடனே மேற்பரப்பு ஈரத்தில் பளபளக்கும். அப்போது கண்ணாடியை வைத்தால் வெள்ளை நுரை மாதிரிக் குழம்பு முன்னால் தள்ளிக்கொண்டு போகும், இழைகள் நகர்ந்து திட்டுத் திட்டாகும். காத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பளபளப்பு மங்கி, ஓரங்கள் மட்டும் கொஞ்சம் வெளிறத் தொடங்கும். புறங்கையை வையுங்கள், சில்லென்று இருக்கும், லேசாக ஒட்டும், ஆனால் கை நனையாது. அதுதான் நேரம். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, முதலில் பூப்போல, அம்புக்குறித் திசையில் நீளமாக இழுங்கள். நான்கைந்து இழுப்பில் பிசிறு படுத்துவிடும், அப்புறம் அழுத்தத்தைக் கூட்டுங்கள். சரியான பதத்தில் கண்ணாடி 'சர்' என்று வழுக்கும், தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கருத்து மினுக்க ஆரம்பிக்கும். 'கிறீச்' என்று பிடித்து இழுத்தால் காய்ந்துவிட்டது, அழுத்திச் சமாளிக்கப் பார்க்காமல் பஞ்சால் ஒரு துளி ஈரம் கொடுங்கள்.

இந்த இரண்டு மூன்று நிமிடம் என்பது நாளுக்கு நாள் மாறும். அக்னி நட்சத்திர மதியத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, பூசிவிட்டு கண்ணாடியைத் தேடினால் காய்ந்திருக்கும், அப்போதெல்லாம் அரைச் சாண் அரைச் சாணாகத்தான் போக வேண்டும். கார்த்திகை மழையில் பத்து நிமிடம் ஆனாலும் பளபளவென்றே இருக்கும். ஹேர் டிரையரை நீட்டலாமா என்று கை துறுதுறுக்கும், வேண்டாம், மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், வாரும் கோணிக்கொள்ளும்.

மெல்லிய வார்களில் இன்னொரு சங்கடம், இழுக்க இழுக்க நீளும். 1.5 மி.மீ. கடிகார வாரைத் தேய்க்கும்போது அதன் கடைசி முனையைப் பிடித்துக்கொள்ளாமல், தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இடது கையால் அழுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு பாதிகளும் வேறு வேறு நீளத்தில் வரும்.

ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதியை முந்தையதன்மேல் இரண்டு விரற்கடை ஏறுமாறு பூசுங்கள், அப்போதுதான் சேர்ந்த இடம் தெரியாது. முழுக்க முடிந்தபின் வாரைச் சமதளத்தில் போட்டு மேலே ஒரு பலகை வைத்து இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் தடவினால் அங்கங்கே சில முடிகள் மட்டும் நிமிர்ந்திருக்கும். அங்கே 400 தாளால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, பிறகு இரண்டாம் பூச்சு, இந்தத் தடவை தண்ணீர் வேண்டாம், பசை மட்டும், முதல் பூச்சில் பாதி அளவு. அவ்வளவே போதும். மூன்றாவதும் நான்காவதும் போட்டால் மேலே படலம் கட்டி, வளைக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும்.

பக்கிள் மடிந்து ஒட்டும் பகுதியில் பசை பூசாமல் விட்டுவிடுங்கள், அங்கே ரப்பர் சொல்யூஷன் பிடிக்க வேண்டும். மறந்து பூசிவிட்டால் கவலையில்லை, 120 தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு ஒட்டலாம்.

ஓரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பெவலரால் (விளிம்பைச் சீவும் கருவி) மேல் விளிம்பைப் போலவே அடி விளிம்பையும் சீவுங்கள், பலர் அடியை விட்டுவிடுகிறார்கள், இடுப்பில் உறுத்துவது அதுதான். உப்புத்தாள், கொஞ்சம் பசை, மரத்துண்டால் சூடு ஏறும்வரை தேய்ப்பு, கடைசியாகத் தேன்மெழுகு.

சாயம் போட்ட வார் என்றால் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அடிப்பக்கத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் உலர்ந்த துணியால் இன்னும் நன்றாகத் துடைத்துவிட்டு மேலும் ஒரு மெல்லிய பூச்சுப் பூசுங்கள். வேட்டிக்கு மேல் கட்டும் அகல பெல்ட் செய்து கொடுக்கிறீர்கள் என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது, வெள்ளை வேட்டியில் இடுப்பைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்தால் அப்புறம் அவர் உங்கள் பக்கம் வர மாட்டார்.

குரோம் தோல்தான் இருக்கிறது என்றால்

தேய்ப்பதை மறந்துவிடுங்கள், உள்தோல் கொடுங்கள். 0.6 முதல் 0.8 மி.மீ. வரை உள்ள ஆட்டுத்தோல் எடுத்து, இரண்டின் சதைப்பக்கத்திலும் ரப்பர் சொல்யூஷன் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு உலர விட்டு, அழுத்தி ஒட்டுங்கள். உள்தோலைச் சுற்றிலும் 5 மி.மீ. பெரிதாக வெட்டி, ஒட்டியபின் ஓரம் சேர்த்து நறுக்குவது சுலபம். கடிகார வாரில் இந்த ஒட்டுதலை மேசையில் தட்டையாக வைத்துச் செய்யாதீர்கள். ஒரு சில்வர் டம்ளரின்மேல் வாரை, முகப்பக்கம் மேலே வருமாறு வளைத்துக்கொண்டு ஒட்டுங்கள். தட்டையாக ஒட்டினால் கையில் கட்டும்போது உட்பக்கம் இடம் போதாமல் சுருக்கம் சுருக்கமாக மடியும், வளைத்து ஒட்டினால் மணிக்கட்டு வடிவத்திலேயே படியும். தினமும் வியர்வை படுகிற கடிகார வாருக்கு, வெஜ் டேனாக இருந்தாலும், நான் உள்தோல்தான் கொடுக்கிறேன்.

எப்போது சொரசொரப்பை விட்டுவைக்கலாம்

தோள் பை வார், கேமரா வார் இரண்டையும் முழுக்க வழவழப்பாக்கினால் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தால் இன்னும் மோசம். இவற்றுக்கு நீள நூல்களை மட்டும் சீவி, பசையில் சரிபாதி தண்ணீர் கலந்து ஒரே பூச்சு, கண்ணாடிக்குப் பதிலாகத் துணியால் தேய்ப்பு. பிசிறு கொட்டாது, பிடிமானமும் இருக்கும்.

ஓரிரண்டு வருடம் தினசரி கட்டிய பெல்ட்டில் ஓட்டைகளைச் சுற்றியும் பக்கிள் பக்கமும் பிசிறு மறுபடி எழும். வாரைக் கழற்றிப் பிரிக்க வேண்டியதில்லை. ஈரத்துணியால் வியர்வை அழுக்கைத் துடைத்து, உலர விட்டு, அந்த இடத்தில் மட்டும் விரல்நுனிப் பசை தடவி, பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து, பாட்டிலால் நான்கு இழுப்பு. ஓட்டைகளுக்குள் பசை இறங்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகி ஓரமாகத் தடவி, குச்சியை உருவிவிட்டுத் தேயுங்கள்.